எதற்கு வேண்டுமானாலும்

மனுக்காரி கடிதத்தை மூன்றாவது தடவையாகப் படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள். சாவிக்காரர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தாளில் இருப்பதும் வாயிலிருந்து வருவதும் ஒன்றுதானா என்று வாயைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்பதுபோல.

"அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை படி."

"எந்த இடம் மாமா?"

"அதான், எதுக்கு வேணாலும்னு வருதே, அது."

அவள் விரலை வைத்து முதலில் ஆபீஸ் மொழியில் படித்தாள். பிறகு நம் பேச்சில் சொன்னாள். நிறத்தாலும் வறுமையாலும் ஒதுக்கப்பட்டவர்களுக்காக உழைக்கும் சங்கங்களுக்கு இந்த நிதியைத் தருகிறோம். உங்களுக்கு எது தேவை என்று உங்களுக்குத்தான் தெரியும். எதற்கு வேண்டுமானாலும் செலவு செய்துகொள்ளலாம். நிபந்தனை எதுவும் இல்லை.

தலைவராக இருந்த மேஸ்திரி தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "அப்புறம் என்னய்யா? தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கிற ஆளை இன்னிக்குத்தான் நேர்ல பார்க்கிறேன்."

"பல்லைப் பார்க்காம விட்டா, கடிச்சப்புறம்தான் தெரியும்," என்றார் சாவிக்காரர்.

சங்கம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே ஒரு அறை. ஏறுவதற்கு இரும்புப் படி. கீழே டியூபுக்குப் பஞ்சர் ஒட்டினால் பசை நெடியில் மேலே தலை வலிக்கும். ஒரு பீரோ, ஒரு மேஜை, எட்டு நாற்காலி, ஒரு ஃபேன். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், யார் கொடுத்த காசில் வாங்கியது, எந்தத் திட்டத்துக்கு வாங்கியது என்று. மேஜை தண்ணீர்த் திட்டத்து மேஜை. ஃபேன் பயிற்சி முகாமுக்கு வந்த ஃபேன். அதனால் பயிற்சி நடக்கும் நாளில் மட்டும்தான் அது சுற்ற வேண்டும் என்று சாவிக்காரர் சட்டம் போட்டிருந்தார். மேஸ்திரிக்கு வியர்த்துக் கொட்டினால் எழுந்து நின்று, "தோழர்களே, எல்லாரும் கையைக் கழுவணும். பயிற்சி முடிஞ்சுது, ஃபேனைப் போடுங்க," என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். சாவிக்காரர் மட்டும் ஸ்விட்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அந்த நகரத்தில் உயரமான கட்டடங்களைக் கூட்டுகிறவர்களும் கழிவறை கழுவுகிறவர்களும் எல்லோரும் சங்கம் இருந்த அந்தத் தெருக்காரர்கள்தான். தாத்தன் காலத்தில் மண் வெட்டக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வெட்டி முடித்ததும் திருப்பி அனுப்ப மறந்துவிட்டார்கள். வீடு கேட்டுப் போன் போட்டால் குரலைக் கேட்டதும் வாடகைக்கு விட்டாச்சு என்பார்கள். குரலில் தப்பித்தால் முகத்தைப் பார்த்ததும் சொல்வார்கள். கட்டடத்தில் பெரிய லிப்டில் ஏறக்கூடாது, குப்பைத் தொட்டி போகிற சாமான் லிப்டில்தான் ஏற வேண்டும். சாவிக்காரருக்கு இது நன்றாகத் தெரியும். முப்பத்தொரு வருஷம் அப்படி ஒரு கட்டடத்தில் லிப்ட் ஓட்டியவர். தன் தெருக்காரர்களையே பெரிய லிப்டிலிருந்து இறக்கிவிட்டவர். அதைப் பற்றி அவர் பேசுவதில்லை.

அந்தச் சாமான் லிப்டின் கதவில்தான் மேஸ்திரியின் தங்கச்சிக்கு வலது கையில் நான்கு விரல் போயிற்று. கட்டைவிரல் மட்டும் பாக்கி. வேலைக்கு எடுத்த ஒப்பந்தக்காரர், அவள் கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கதவு சரியில்லை என்று நாங்கள் முன்னாலேயே எழுதிக் கொடுத்தோமே என்று சங்கம் வழக்குப் போட்டது. சங்கம் என்றால் மனுக்காரி. தெருவில் ஆபீஸ் மொழியை எழுதப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். வெளியே தெரிந்தவர்கள் உண்டு, அவர்கள் இரும்புப் படி ஏற மாட்டார்கள். பன்னிரண்டு வருஷமாக மனு எழுதி, மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்து, முத்திரை வாங்கி, முத்திரை போட மாட்டேன் என்கிறவனோடு சண்டை போட்டு, அந்தப் பேரே அவளுக்கு நிலைத்துவிட்டது. ஐந்து மாதமாகச் சம்பளம் கிடையாது. பழைய நிதி நின்றுபோய்விட்டது.

"முதல்ல இவளுக்கு அஞ்சு மாசச் சம்பளத்தைப் போடு," என்றார் மேஸ்திரி. "மீதியை அப்புறம் பேசலாம்."

மனுக்காரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள், பேச்சு வேறு யாரையோ பற்றியது என்பதுபோல.

"சம்பளம்னு கடுதாசில இருக்கா?" என்றார் சாவிக்காரர்.

"எதுக்கு வேணாலும்னா அதுல சம்பளமும் அடக்கம்தானே மாமா."

"எதுக்கு வேணாலும்னு சொல்றவன் எதையும் சொல்லலைன்னு அர்த்தம். எழுதிக் கேளு."

அவர் பிடிவாதத்துக்கு ஒரு கதை இருந்தது. தெரு முழுக்க அறிந்த கதைதான். அவருக்கு முன்னால் பீரோ சாவி அண்ணன் இடுப்பில் இருந்தது. சங்கத்தை ஆரம்பித்த மனுஷன். யாருக்கும் கூடப்பிறந்தவர் இல்லை, எல்லோருக்கும் அண்ணன். ஒருமுறை விழிப்புணர்வு போஸ்டர் அடிக்க ஒரு நிதி காசு கொடுத்திருந்தது. அந்த வாரம் கழிவுத் தொட்டிக்குள் இறங்கிய ஒருவன் மேலே வரவில்லை. வீட்டில் அடக்கத்துக்குக் காசு இல்லை. அண்ணன் போஸ்டர் காசில் எடுத்துக் கொடுத்தார். ஆறு மாதம் கழித்து ஆடிட்டுக்கு ஒருத்தன் வந்தான். நல்ல பையன்தான், செருப்பைப் படியிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தான். போஸ்டர்களை எண்ணினான். ஆயிரம் இருக்க வேண்டிய இடத்தில் நானூறு இருந்தது. "மீதி அறுநூறு எங்கே?" என்று கேட்டான். அண்ணன், "மண்ணுக்குள்ள," என்றார். அவன் அதை அப்படியே எழுதிக்கொண்டு போனான். முறைகேடு என்று காகிதம் வந்தது. அதே ஆட்கள், தங்கள் வீட்டுப் பிணத்துக்கு அந்தக் காசில் பெட்டி வாங்கியவர்களே, தெருமுனையில் நின்று திருடன் என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அண்ணன் வெளியே வருவதை நிறுத்தினார். ஒரு வருஷத்தில் போய்ச் சேர்ந்தார். சாவியை அவிழ்த்து இவர் கையில் கொடுக்கும்போது, "கேட்டுட்டுச் செலவு பண்ணு," என்று மட்டும் சொன்னார்.

அதனால் எழுதிக் கேட்கச் சொன்னார். யாரைக் கொண்டு எழுதுவது? அதையும் மனுக்காரிதான் எழுத வேண்டியிருந்தது. சாவிக்காரர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். 'ஐயா, எங்கள் சங்கத்தில் வேலை செய்யும் பெண்ணுக்குச் சம்பளப் பாக்கி இருக்கிறது. அதை இந்தக் காசில் கொடுக்கலாமா கூடாதா என்று தெரிவிக்கவும்.'

பேனாவை மூடிவிட்டு அவள் சிரித்தாள். "என் கூலிக்கு நானே மனு எழுதறேன் பாருங்க. மனுக்காரின்னு பேர் வச்சவன் வாய்க்குச் சர்க்கரை போடணும்."

"தப்பா எடுத்துக்காதே. உன் நல்லதுக்குத்தான்."

"எல்லாரும் என் நல்லதுக்குத்தான் பண்றாங்க மாமா," என்று சொல்லிவிட்டு உறையை நாக்கில் தடவி ஒட்டினாள்.

பத்து நாளில் பதில் வந்தது. முடிவு உங்களுடையது, எங்களைக் கேட்க வேண்டியதில்லை என்று. சாவிக்காரர் கையை ஆட்டினார். "பார்த்தியா, சம்பளம்ங்கற வார்த்தை இல்லை. நாளைக்கு வந்து, நாங்க எப்ப சொன்னோம்னு கேட்பான். அந்த வார்த்தையைப் போட்டுத் தரச் சொல்லு." இரண்டாவது கடிதம் போயிற்று. இந்தத் தடவை நிதிக்காரி போனே போட்டுவிட்டாள். மனுக்காரி ஜன்னலோரம் நின்று ஆபீஸ் மொழியில் பேசினாள். நடுவில் ஒருமுறை அந்தப் பக்கமும் சிரிப்பு, இந்தப் பக்கமும் சிரிப்பு. சாவிக்காரருக்கு அந்தச் சிரிப்பு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. காசைப் பற்றிப் பேசும்போது மனுஷனுக்கு எப்படிச் சிரிப்பு வரும்?

"என்ன சொல்றா?"

"நாங்க வேற எதாவது தப்பா எழுதிட்டோமான்னு கேட்கறாங்க. இல்லீங்க, எங்க மாமா ரொம்ப நல்லவர்னு சொன்னேன்."

"அதுக்கா சிரிச்சே?"

"அதுக்குத்தான் சிரிச்சேன்."

ஒரு வாரத்தில் மூன்றாவது கடிதம் வந்தது. சம்பளம், வாடகை, பழைய பாக்கி எல்லாவற்றுக்கும் தாராளமாகச் செலவு செய்யலாம் என்று அதில் எழுதியிருப்பதாக மனுக்காரி படித்தாள். எழுதியிருப்பதாக. அந்த ஒரு சொல் சாவிக்காரர் மனசில் நின்றது. இவள்தான் கேட்கிறாள், இவள்தான் எழுதுகிறாள், இவள்தான் போனில் சிரிக்கிறாள், இவள்தான் படிக்கிறாள். காசும் இவளுக்குத்தான் போகிறது. அவளை அவர் சந்தேகப்படவில்லை. பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கிற பெண். ஆனால் அண்ணனையும்தான் யாரும் சந்தேகப்படவில்லை, அந்தக் காகிதம் வருகிறவரை.

செக்கில் இரண்டு கையெழுத்து வேண்டும். மேஸ்திரி தன் கையெழுத்தைப் போட்டுப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது.

"உங்களுக்குக் கல்லுளிமங்கன்னு பேர் வச்சிருக்கணும்," என்றாள் சாவிக்காரர் மனைவி அன்று சாப்பாடு போடும்போது. "அவ வீட்டுக்காரன் காலி பண்ணச் சொல்லிட்டானாம். தெரியுமா?"

"யாரு சொன்னா?"

"தெருவே சொல்லுது. இந்த நிறத்துக்கு இன்னொரு வீடு யார் குடுப்பா? பொம்பளைப் பிள்ளைய வச்சிக்கிட்டு எங்க போவா? அந்த ஒப்பந்தக்காரன் மேற்பார்வை வேலை தரேன்னு கூப்பிட்டிருக்கானாம், வீட்டோட."

கை சோற்றிலேயே நின்றது. "அவனா? வழக்கே அவன் மேலதானே?"

"கத்தியை விலை குடுத்து வாங்கிட்டா குத்து வாங்க வேணாம்ல. அவனுக்கு இருக்கிற மூளை உங்க பீரோவுக்கு இல்லை."

மறுநாள் மனுக்காரியே வந்து சொன்னாள். மறைக்கவில்லை, அழவும் இல்லை. வழக்குக்கு நாள் இருபத்தேழாம் தேதி. திங்கட்கிழமைக்குள் ஒப்பந்தக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். "எனக்குப் போக இஷ்டமில்லை மாமா. மேஸ்திரி அண்ணன் தங்கச்சி முகத்துல எப்படி முழிப்பேன்? சம்பளம் வந்தா வீட்டுக்காரன் வாயில ரெண்டு மாசத்தைப் போட்டு அடைச்சிருவேன். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

"சனிக்கிழமை சொல்றேன்."

"சனிக்கிழமைக்கு என்ன மாமா? அன்னிக்கு யார் வந்து சொல்லப் போறா?"

அவருக்கு ஒரு வழி தோன்றியிருந்தது.

பெரிய சாலையில் மருந்துக் கடை இருந்தது. கடைக்காரர் நம் ஆள் இல்லை. ஆனாலும் பிழைப்புக்காக இரண்டு பேச்சும் கற்று வைத்திருந்தார். மீதிச் சில்லறையை மற்றவர்களுக்குக் கையில் கொடுப்பார். தெருக்காரர்களுக்கு மட்டும் கண்ணாடி மேஜைமேல் வைத்து ஒரு விரலால் தள்ளுவார். அவருக்கு அதில் தப்பு இருப்பதாகவே தோன்றாது, பழக்கம். சாவிக்காரர் அந்த ஆளை நம்பிப் போனார். அந்த ஆளுக்கு இதில் ஒன்றும் கிடைக்கப்போவதில்லை, அதனால் பொய் சொல்ல மாட்டான் என்று கணக்குப் போட்டார். சனிக்கிழமை காலை, வேட்டி மடிப்பிலிருந்து மூன்று கடிதத்தையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். மடித்து மடித்து முதல் கடிதம் கிழிகிற பதத்தில் இருந்தது.

கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, தாளை ஓரத்தில் மட்டும் பிடித்து நிதானமாகப் படித்தார். ஒவ்வொரு வரியாகச் சொன்னார். உங்களுக்கு எது தேவை என்று உங்களுக்குத்தான் தெரியும். எதற்கு வேண்டுமானாலும். நிபந்தனை எதுவும் இல்லை. மூன்றாவது கடிதத்தில் சம்பளம், வாடகை, பழைய பாக்கி. மனுக்காரி சொன்ன வரிசைகூட மாறவில்லை. பாடம் ஒப்பிக்கிறதுபோல அதே சொல், அதே சொல்லுக்குப் பின்னால் அதே சொல். சாவிக்காரருக்கு நெஞ்சு லேசாகிக்கொண்டு வந்தது. இப்போதே போய்க் கையெழுத்துப் போட்டுவிடலாம்.

"கடைசியில ஒண்ணு எழுதியிருக்கு," என்றார் கடைக்காரர். "இத்தனை நேர்மையான ஒரு பெண் உங்களிடம் வேலை செய்வது உங்கள் அதிர்ஷ்டம், தன் சம்பளத்தையே கேட்டுவிட்டு எடுக்க நினைக்கிறார், அப்படின்னு."

அதை அவள் படித்துக் காட்டவில்லை. சாவிக்காரர் நன்றாக ஞாபகப்படுத்திப் பார்த்தார். அந்த வரியை மட்டும் அவள் விட்டுவிட்டாள்.

"தலைவலி மாத்திரை ரெண்டு குடுங்க," என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

திரும்பினார். மனுக்காரி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. கண்ணாடி மேஜைமேல் மூன்று கடிதமும் விரித்தபடி கிடந்தன. கடைக்காரர் மாத்திரையை மேஜையில் வைத்துத் தள்ளினார். அவள் காசை அதே இடத்தில் வைத்துத் தள்ளினாள். மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"ஒத்து வருதா மாமா?" என்று கேட்டாள்.

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவர் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார். உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கிறவள்போலக் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் சாலையைக் கடந்து போனாள்.

அன்று மத்தியானமே அவர் கையெழுத்துப் போட்டார். லிப்ட்காரர் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கும். செக்கை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். சாமான்கள் கட்டியிருந்தன. மகள் ஒரு பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்துக்கொண்டிருந்தாள். செக்கை நீட்டியதும் மனுக்காரி வாங்கித் தேதியையும் தொகையையும் சரிபார்த்தாள்.

"வேணாம்னு சொல்வேன்னு நினைச்சு வந்தீங்களா? சொல்ல மாட்டேன். இது நான் உழைச்சது."

"அப்ப இருந்துடு. இனிமே மாசாமாசம் போட்டுடறேன். காசு இருக்கு. எதுக்கு வேணாலும்..." அந்த வார்த்தை வாயில் வந்ததும் அவருக்கே நாக்குக் கூசியது.

"காசுக்குத்தான் போறேன்னு இருந்தேன் மாமா, இன்னிக்குக் காலைல வரைக்கும்." அவள் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். "ஊரெல்லாம் என்னை ஏற இறங்கப் பார்க்குது. அது பழகிப்போச்சு. மேல அந்த ரூம்ல மட்டும் யாரும் பார்க்க மாட்டாங்கன்னு நினைச்சிருந்தேன்."

"நான் அண்ணன் சொன்னதை..."

"அண்ணன் செத்துட்டாரு. விடுங்க."

திங்கட்கிழமை வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்படைத்தாள். ஒப்பந்தக்காரர் கொடுத்த சாம்பல் நிறக் கோட்டு அவள் தோளில் பெரிதாகத் தொங்கியது. காகிதங்களைத் தேதி வாரியாக அவள் அடுக்கவில்லை. யாருடைய கஷ்டமோ அவர் கணக்கில் அடுக்கியிருந்தாள். தொட்டியில் செத்தவன் காகிதத்துக்குக் கறுப்பு நூல், வீடு கிடைக்காதவர்களுக்கு மஞ்சள், மேஸ்திரி தங்கச்சிக்கு நீலம். அதற்குள்ளும் வரிசை உண்டு. "கதவு சரியில்லைன்னு விபத்துக்கு முன்னாடியே நாம குடுத்த மனு இது. கீழே அவங்க வாங்கிக்கிட்டதுக்கு வட்ட முத்திரை இருக்கு, தேதி இருக்கு. வழக்கே இந்த ஒரு தாள்தான். மத்ததெல்லாம் இதுக்குத் துணி சுத்தின மாதிரி. புரிஞ்சுதா?" மேஸ்திரி துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். சாவிக்காரர் தலையை ஆட்டினார். இன்னொரு தடவை காட்டு என்று கேட்டிருக்கலாம். கடிதத்தை அத்தனை தடவை படிக்கச் சொன்ன வாய்க்கு அன்று கேட்கத் துணிவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் ஒவ்வொரு தாளாக எடுத்துச் சொல்லச் சொல்ல, அவர் தாளைப் பார்க்காமல் கோட்டின் பித்தானைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

போகும்போது ஃபேனைப் போட்டுவிட்டுப் போனாள். சாவிக்காரர் எழுந்து அணைக்கவில்லை.

பிறகு காசு பாங்கில் இருந்தது. எதற்கு வேண்டுமானாலும் செலவு செய்யலாம், செலவு செய்ய ஆள் இல்லை. ஆபீஸ் மொழி தெரிந்த ஒரு இளைஞனை இரட்டைச் சம்பளம் பேசி மேஸ்திரி கூட்டிவந்தார். அவன் இரண்டு நாள் வந்தான், நூல்களை அவிழ்த்துப் பார்த்தான், வரிசையைக் கலைத்தான், மூன்றாம் நாள் வரவில்லை. ஒரு வக்கீல் முன்பணம் வாங்கிக்கொண்டு, வழக்குக்கு முந்தின நாள் வேறு ஊரில் வேலை என்று ஆளனுப்பிவிட்டார். கலைந்த காகிதத்தைச் சாவிக்காரர் நீல நூலால் திரும்பக் கட்டினார். கட்டத்தான் முடிந்தது.

இருபத்தேழாம் தேதி தொழிலாளர் அதிகாரியின் அறையில் கூட்டம் அதிகமில்லை. நீளமான மேஜையின் ஒரு பக்கம் அதிகாரி, பக்கத்தில் இரண்டு பேச்சும் தெரிந்த பியூன். இடது பக்க பெஞ்சில் மேஸ்திரி, தங்கச்சி, சாவிக்காரர். தங்கச்சி வலது கையை இடது கைக்குள் மறைத்து வைத்திருந்தாள். அதிகாரி பார்க்க வேண்டும், வெளியே வை என்று மேஸ்திரி இரண்டு தடவை சொன்னார். அவள் வைக்கவில்லை. வலது பக்க பெஞ்சில் ஒப்பந்தக்காரர், அவருடைய வக்கீல், அவர்களுக்குப் பின்னால் மடியில் ஃபைலோடு சாம்பல் கோட்டில் மனுக்காரி. அவளை வேண்டுமென்றேதான் கூட்டிவந்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் தங்கச்சி சிரிக்கப் பார்த்துவிட்டு, சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

வக்கீல் எழுந்து ஐந்து நிமிஷம் பேசினார். அதிகாரி ஏதோ கேட்டார். பியூன் இந்தப் பக்கம் திரும்பினார்.

"முன்னாடியே எழுதிக் குடுத்தோம்னு சொல்றீங்களே, அப்படி ஒரு மனு வரவே இல்லைன்னு இவங்க சொல்றாங்க. முத்திரை வச்ச நகல் இருக்கா?"

"இருக்குங்க," என்றார் சாவிக்காரர்.

"எடுங்க."

நூலை அவிழ்த்தார். நாற்பது, ஐம்பது தாள் இருக்கும். எல்லாம் வெள்ளை, எல்லாவற்றிலும் ஆபீஸ் மொழி, முக்கால்வாசியில் வட்ட முத்திரை. அவளுடைய மனுக்களில் முத்திரை இல்லாமல் எதுவும் இருக்காது, அப்படிச் சண்டை போட்டு வாங்கி வைத்திருந்தாள். பார்த்ததும் அடையாளம் தெரிந்தது ஒரே ஒரு தாள்தான். மடிப்பில் கிழிந்துபோன நிதிக் கடிதம், எப்படியோ இதற்குள் வந்திருந்தது. அதை அடியில் தள்ளினார். ஒரு தாளை உருவி எடுத்து மேஜைப் பக்கம் நீட்டினார். அதிகாரி வாங்கவில்லை. புருவத்தை மட்டும் தூக்கினார். மேஸ்திரி, "அதுவாய்யா?" என்று காதில் கேட்டார்.

அப்போதுதான் எதிர்ப் பக்கம் பார்த்தார். மனுக்காரியின் முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. ஆனால் மடியில் ஃபைல்மேல் கவிழ்ந்திருந்த அவள் கை மெதுவாகப் புரண்டு, உள்ளங்கை மேலே வந்தது. பிறகு மறுபடி கவிழ்ந்தது, மறுபடி புரண்டது.

சாவிக்காரர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். முத்திரை மேலே இருந்தது. தலைகீழாகப் பிடித்திருக்கிறார். திருப்பினார். முத்திரை கீழே வந்தது. எழுத்துகள் நேராக நின்றன. அவருக்கு அப்போதும் ஒன்றும் தெரியவில்லை. இதுதானா என்று மறுபடி அவள் கையைப் பார்த்தார். கை அசையவில்லை. தாளை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். தாளைப் பார்க்காமல் அவள் கையைப் பார்த்தார். அசையவில்லை. அடுத்தது. வாழ்க்கையில் எந்தக் காகிதத்தையும் அவர் இப்படி நம்பியதில்லை. ஒரு விரல் தூக்கினால் போதும், என்ன ஏது என்று கேட்காமல் அந்தத் தாளைக் கொண்டுபோய் மேஜையில் வைத்துவிடுவார். அடுத்தது.

அதிகாரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பியூன் பெருமூச்சு விட்டார். ஒப்பந்தக்காரர் கொஞ்ச நேரமாகக் கிழவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஆள் தாளைப் பார்க்காமல் நமக்குப் பின்னால் எதைப் பார்க்கிறான் என்று யோசித்தவர்போல, நிதானமாகப் பெஞ்சில் திரும்பினார்.

மனுக்காரி கையை மடக்கிக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

சாவிக்காரர் ஒரு தாளைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.